சோகத்திலிருந்து நேரே துள்ளல் பாட்டுக்குத் தாவ வேண்டாம்

இரவில் இயர்போனில் சோகப் பாட்டு கேட்டபடியே தூங்கிப்போவதாகவும், காலையில் காதில் 'ஙொய்' என்று இரைவதாகவும், உற்சாகப் பாட்டு போட்டால் எரிச்சல்தான் வருகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

எரிச்சல் வருவது இயல்புதான். மனம் சுருண்டு கிடக்கும்போது துள்ளல் பாட்டு நம்மைக் கிண்டல் செய்வதுபோல இருக்கும். இசை சிகிச்சை தருபவர்கள், இப்போதைய மனநிலைக்கு ஒத்த பாட்டில் தொடங்கி மெல்ல மெல்ல மாற்றிக்கொண்டு போவார்கள். நான் ஐந்து பாட்டு வரிசை வைத்திருக்கிறேன். முதலாவது சோகமேதான். இரண்டாவது அதே நிதானம், ஆனால் வரிகளில் அழுகை இல்லை. வெறும் புல்லாங்குழல் என்றாலும் சரி. மூன்றாவதில் தாளம் எட்டிப் பார்க்கும். ஐந்தாவது வரும்போது கால் தானாகத் தட்டும். அதைக் கூடவே பாடுங்கள், சுருதி விலகினால் விலகட்டும். (என் வீட்டில் கதவைச் சாத்திவிடுவார்கள், அது வேறு கதை.)

அப்புறம் காது. உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 80 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவில் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். உள்காதின் உணர்செல்கள் போனால் திரும்ப முளைக்காது. அதனால் படுக்கையில் இயர்போன் வேண்டாம். சின்ன ஸ்பீக்கரில், அரை மணி நேரத்தில் தானே நிற்கும்படி டைமர் வைத்துக் கேளுங்கள். இரைச்சல் சில நாளில் அடங்கவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.