குடுவையை விட்டு வர முடியாதவள்

அன்புள்ள ஐயா,

நாகை பக்கம் கொடுவா மீன் வளர்க்கிறோம். போன பருவத்தில் குஞ்சுகள் சுற்றிச் சுற்றி நீந்திச் செத்தன. பிசிஆர் சோதனையில் நோடா வைரஸ் என்றார்கள். என் அக்கா மகள் ஆய்வகத்தில் மீன் செல்களை வளர்த்துக்கொண்டிருக்கிறாள். மூன்று வருடமாகிறது, மருந்து ஒன்றும் வரவில்லை. பிசிஆர் இருக்க இந்தச் செலவு எதற்கு? வரன் பார்க்க ஊருக்கு வா என்றால் குடுவையை விட்டு வர முடியாது என்கிறாள்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

செலவைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை. வரன் அவள் பாடு. பிசிஆர் வைரஸின் மரபுப்பொருளைக் காட்டும். அது உயிர்ப்புள்ளதா, செத்த மிச்சமா என்று சொல்லாது. தொட்டியைக் கழுவிய பிறகு நீங்கள் அறிய வேண்டியது அதைத்தான். வைரஸ் உயிருள்ள செல்லுக்குள்தான் பெருகும்; அவள் வளர்க்கும் செல்களில் பெருகினால் அது உயிர்ப்புள்ளது. தடுப்பூசி ஆராய்ச்சிக்கும் அதை அங்கேதான் வளர்க்க வேண்டும்.

ஆனால் 'குடுவையை விட்டு வர முடியாது' என்ற வரிக்காகத்தான் எழுதுகிறேன். பராமரிப்பை வேலையாகவே மதிக்காத நம் புத்தி எனக்குப் பல நாளாக உறுத்துகிறது. ஓர் ஆய்வகத்தில் பார்த்திருக்கிறேன்: மீனின் மண்ணீரலை எடுத்து, ஆன்டிபயாடிக் கரைசலில் அலசி, கடுகளவு துண்டுகளாக்கிக் குடுவையின் அடியில் ஒட்டினாள் ஒரு மாணவி. சில நாளில் துண்டின் ஓரத்திலிருந்து செல்கள் ஊர்ந்து வெளியே வந்தன. மீன் அழுக்குத் தண்ணீரில் வாழ்வது. ஒரு பூஞ்சை நுழைந்தால் மாதக்கணக்கான உழைப்பு போயிற்று. செல்களுக்கு உணவான ஊடகக் கரைசலை வேளை தவறாமல் மாற்ற வேண்டும். பண்டிகை, விடுமுறை எல்லாம் செல்லுக்குத் தெரியுமா?

மேற்பார்வை தப்பினால் என்னாகும் தெரியுமா? கெண்டையின் செல்கள் என்று நம்பி உலகமெங்கும் பல ஆண்டுகள் பயன்படுத்திய ஈபிசி என்ற செல்வரிசை (ஒரு மூலத்திலிருந்து எடுத்துத் தொடர்ந்து பெருக்கிவரும் செல்கள்), உண்மையில் ஃபேட்ஹெட் மின்னோ என்ற வேறொரு மீனுடையது என்று 2010-ல் தெரியவந்தது. எங்கோ ஒரு குடுவை மாறியிருக்கிறது. இதையெல்லாம் காவல் காப்பவளைப் பார்த்து 'மருந்து எங்கே' என்கிறீர்கள். வெட்கமாக இல்லையா?

இந்தியாவின் முதல் கடல்மீன் செல்வரிசை எந்த மீனிலிருந்து வந்தது தெரியுமா? உங்கள் கொடுவாவின் சிறுநீரகத்திலிருந்துதான். மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரியினர் 2006-ல் அறிவித்தார்கள். பெருநகரத்துப் பெரிய நிறுவனமல்ல, சின்ன ஊர்க் கல்லூரி.

அடுத்த முறை குஞ்சுகள் சுழலத் தொடங்கினால் ஃபார்மலினில் போட்டுவிடாதீர்கள், அதில் வைரஸ் செத்துவிடும். பனிக்கட்டியில் வைத்து அன்றே அவளிடம் சேர்த்துவிடுங்கள். வரன் பேச்சை மட்டும் எடுக்காதீர்கள்.