செவ்வாய்க்கு முன் களனிக்குப் போகட்டும்

மகளை என்ன படிக்க வைப்பது என்று என்னிடம் ஆலோசனை கேட்க, தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து மூன்று பேராக வந்திருந்தார்கள். அப்பா ஸ்டோரில் உத்தியோகம், அம்மா முன்பள்ளி ஆசிரியை, மகள் இரண்டாம் தரமும் உயர்தரம் எழுதி முடித்தவள். உயிரியல் பிரிவு. மருத்துவ பீடத்துக்கு இசட் புள்ளி எட்டவில்லை, உயிரியல் விஞ்ஞானத்துக்குத் தாராளமாகப் போதும்.

அப்பா மேசையில் இரண்டு தாள்களை வைத்தார். ஒன்று, வெளிநாட்டில் மருத்துவம் படிக்க ஏஜென்ட் எழுதிக்கொடுத்த செலவுக் கணக்கு. மற்றது மகளின் கொப்பியிலிருந்து கிழித்த ஒரு பக்கம். 'வேற்றுக்கிரகத்தில் உயிரைத் தேடுவது' என்று தலைப்பிட்டு என்னவெல்லாமோ எழுதியிருந்தாள்.

“சேர், இது ஒரு தொழிலா? சொந்தக்காரங்க சிரிக்கிறாங்க” என்றார் அம்மா. செவ்வாய் என்றால் ஜாதகத்தில் பார்ப்பதோடு போதும் என்று பாட்டி சொல்லிவிட்டாராம்.

முதல் பத்து நிமிடம் நானும் ஆறுதலாகத்தான் பேசினேன். அப்புறம் ஏஜென்டின் தாளை வாசித்தேன். அதற்குப் பிறகு எனக்கு ஆறுதல் சொல்ல மனம் வரவில்லை. இதே மாதிரித் தாள் வேறு வீடுகளிலும் இருக்கும் என்பதால், அவர்களிடம் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன்.

அந்தத் தாளில் கட்டணம் டொலரில் இருந்தது. 2022இல் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 360ஐத் தாண்டியதை நாம் எல்லோரும் பார்த்தோம். அப்போது பிள்ளையை நடு வழியில் திருப்பி அழைத்த பெற்றோர் என் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். சரி, டொலர் ஏறவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். படித்து முடித்து வந்தாலும் இங்கே வைத்தியராகப் பதிவு செய்ய மருத்துவ சபையின் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். ஏஜென்டின் தாளில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. இதற்கெல்லாம் ஈடாக வைக்கப்போவது அப்பாவின் சேமலாப நிதியும், ஹற்றனில் வாங்கிப்போட்ட பத்து பேர்ச் காணியும். “கடன் பட்டாவது டொக்டராக்கு” என்று சொல்வது வெள்ளவத்தையில் இருக்கும் மாமா. அந்தக் கடன் பத்திரத்தில் பிணையாகக் கையெழுத்து வைப்பாரா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள் என்றேன். அப்பா பேசவில்லை.

மூன்றாம் தரமும் எழுதுவது, ஆசிரியப் பயிற்சி, வங்கிப் பரீட்சை, இவையெல்லாம் உங்களுக்கே தெரிந்த பாதைகள். அவற்றைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

மகளிடம் திரும்பி, “இந்தத் தேடலில் உனக்கு என்ன பிடிக்கிறது?” என்று கேட்டேன். பறக்கும் தட்டு என்று சொல்லியிருந்தால் நானும் மாமா கட்சிக்கே போயிருப்பேன். அவள் சொன்னது வேறு. மூன்று போத்தல்களில் தண்ணீர் பிடித்து ஜன்னலில் வைத்தாளாம். ஒன்று பீலித் தண்ணீர், ஒன்று ஆற்றுத் தண்ணீர், ஒன்று காய்ச்சி ஆறவைத்தது. தினமும் பார்த்துத் திகதி போட்டு எழுதியிருக்கிறாள். முதலிரண்டும் பச்சை பிடித்தன. மூன்று வாரம் கழித்து மூன்றாவதும் பிடித்தது. “தண்ணியக் காய்ச்சினேன் சேர், மூடியக் காய்ச்சல்ல” என்றாள்.

வேற்றுக்கிரக உயிர்த் தேடலின் பெரிய தலைவலி அந்த மூடிதான்.

1976இல் நாசாவின் வைக்கிங் விண்கலங்கள் இரண்டும் செவ்வாயில் இறங்கி, மண்ணை அள்ளி, அதற்குப் போசணைக் கரைசல் கொடுத்து, வாயு வருகிறதா என்று காத்திருந்தன. இவளுடைய போத்தல் வேலையின் பெரிய வடிவம். ஒரு பரிசோதனையில் வாயு வரத்தான் செய்தது. ஆனால் உயிர் இல்லாமலே மண்ணின் இரசாயனம் அப்படிச் செய்திருக்கும் என்பதே பெரும்பாலோரின் முடிவு. இந்தப் பயணத்துக்கு முன் கலங்களை 110 செல்சியஸ் பாகைக்கு மேலான உலர் வெப்பத்தில் ஒரு நாளைக்கும் கூடுதலாக வைத்து எடுத்தார்கள். பூமியின் பற்றீரியா தொற்றிக்கொண்டு போனால், அங்கே கண்டுபிடிக்கும் உயிர் நாம் கொண்டுபோனதாகவே இருக்கும் அல்லவா?

இதற்குக் கிரகப் பாதுகாப்பு என்று பெயர். 1967ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தமே இந்தக் கடமையைச் சொல்கிறது. செவ்வாயில் இறங்கும் கலம் ஒன்றில் மொத்தமாக 3 இலட்சம் வித்திகளுக்கு (சூட்டையும் வறட்சியையும் தாங்கி உறங்கும் பற்றீரியா வடிவம்) மேல் இருக்கக்கூடாது என்பது வழக்கமான எல்லை. யார் எண்ணுவது? வெள்ளை அங்கி போட்ட நுண்ணுயிரியல்காரர்கள்தான். கலத்தின் மேற்பரப்பைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுப்பார்கள். அந்த மாதிரியை 80 பாகையில் 15 நிமிடம் சூடாக்குவார்கள். சாதாரணப் பற்றீரியாக்கள் செத்துவிடும், வித்திகள் தாங்கும். பிறகு ஏகார் தட்டில், அதாவது நுண்ணுயிர் வளர்க்கும் கூழ்த் தட்டில் இட்டு, 32 பாகையில் மூன்று நாள் வைத்து, முளைத்த புள்ளிகளை எண்ணுவார்கள். சனியைச் சுற்றிவந்த கசினி விண்கலத்தை 2017இல் அந்தக் கிரகத்துக்குள்ளேயே விழுத்தி எரித்ததும் இதே பயத்தால்தான். எரிபொருள் தீர்ந்த கலம் என்றைக்காவது சனியின் நிலவான என்சலடஸ் மீது மோதி, அங்கே பனிக்கு அடியில் இருக்கும் கடலைக் கெடுத்துவிடக்கூடாது.

இதை அப்பாவுக்கு விளக்கும்போது அவர் குறுக்கிட்டார். “சேர், எங்க ஸ்டோருக்கும் தரச் சான்றிதழ்க்காரங்க வந்தா மேசையப் பஞ்சால துடைச்சு எடுத்துட்டுப் போறாங்க.” அதேதான் ஐயா. அதே பஞ்சு, அதே தட்டு.

ஆகவே நான் சொல்லும் வழி: உயிரியல் விஞ்ஞானம், களனிப் பல்கலைக்கழகம். பேராதனை பக்கத்தில் இருக்கிறது, பெயரும் பெரிது, சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ளவும் வசதி. ஆனால் களனி விஞ்ஞான பீடத்தில் நுண்ணுயிரியல் தனித் துறையாகவே இருக்கிறது. உள்ளே போன முதல் வாரத்திலேயே பாடத் தெரிவைக் கேட்டு, நுண்ணுயிரியலும் இரசாயனவியலும் சேர்ந்து வரும்படி எடுக்க வேண்டும். முதலிரண்டு வருடப் புள்ளி நன்றாக இருந்தால் நான்கு வருட விசேட பட்டம். படிப்புக் கட்டணம் இல்லை. தங்குமிடம், சாப்பாடு, பயணம், இவைதான் செலவு, அதுவும் ரூபாயில். நுவரெலியா மாவட்டத்துக்குப் பின்தங்கிய மாவட்ட ஒதுக்கீடும் இருக்கிறது. அதைக் கூச்சமில்லாமல் பயன்படுத்துங்கள்.

வேலை? நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடம், பால்மா, மென்பானம், ஏற்றுமதி உணவுத் தொழிற்சாலைகள், வைத்தியசாலை ஆய்வுகூடங்கள், மருந்துக் கம்பனிகள். தலவாக்கலையிலேயே சென்கூம்ஸில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1946இல் இந்நாட்டுக்கு வந்த கொப்புள நோய் இன்றும் கொழுந்தைத் தின்கிறது, அதுவும் ஒரு பங்கசுதான். செவ்வாய் கைகூடாவிட்டாலும் இந்தப் பிள்ளை பட்டினி கிடக்க மாட்டாள்.

“இதைப் படிச்சு எவன் முன்னுக்கு வந்தான்?” என்று மாமா கேட்டால், காலியில் 1923இல் பிறந்த சிரில் பொன்னம்பெருமவைச் சொல்லுங்கள். மதராஸில் முதலில் படித்தது மெய்யியல். இரசாயனவியல் பட்டம் லண்டனில், 36 வயதில். பிறகு நாசாவில் சேர்ந்தார். 1969இல் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் அமினோ அமிலங்கள் இருப்பதை அடுத்த வருடமே அறிவித்தது அவருடைய குழு. பிற்பாடு கண்டி அடிப்படை ஆய்வு நிறுவனத்துக்குப் பணிப்பாளராகவும் வந்தார். ஹந்தானை வீதியில்தான் இருக்கிறது, பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

மகளுக்கும் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். 'வானுயிரியலாளர் (வேற்றுக்கிரக உயிரைத் தேடுபவர்) தேவை' என்று இந்த நாட்டுப் பத்திரிகையில் விளம்பரம் வராது. அந்த இடத்துக்குப் போக வெளிநாட்டுக் கலாநிதிப் படிப்பு வேண்டும். அதற்கு அவர்கள் உனக்குப் பணம் தர வேண்டும். நீ கட்டக்கூடாது. கட்டச் சொல்லும் இடத்துக்குப் போகாதே. இணையத்தில் சான்றிதழ் விற்பவர்களுக்கு ஒரு சதமும் கொடுக்காதே. ஆங்கிலத்தில்தான் விரிவுரை, ஆகையால் முடிவு வந்த நாளிலிருந்து நுழையும் நாள் வரை கிடைக்கும் மாதங்களை அதற்கே கொடு. அப்புறம், செய்தியைக் கண்டதும் துள்ளாதே. 124 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் கே2-18பி கிரகத்தில் உயிரின் தடயம் என்று 2025இல் எவ்வளவு ஆரவாரம்! அதே தரவை மற்றவர்கள் பார்த்தபோது அந்தச் சமிக்ஞை நிற்கவில்லை. உன் மூன்றாவது போத்தலை நினைத்துக்கொள்.

இரத்தத்தைக் கண்டால் மயக்கம் வருகிறது என்பதையும் அன்றுதான் சொன்னாள். வீட்டில் யாரும் அதுவரை கேட்கவில்லையாம். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்பா கடைசியாக ஒன்று கேட்டார்: “மாமாவுக்கு யார் சொல்றது?” இலக்கத்தைக் கொடுங்கள், நான் பேசுகிறேன் என்றேன். ஏஜென்டுக்குக் கொடுத்த 25,000 ரூபாய் முற்பணத்தைத் திருப்பிக் கேட்கும் கடிதத்தை அங்கேயே எழுதிக் கையெழுத்து வாங்கினோம். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் முதல் விருப்பம் களனி. இரண்டாவது எது என்று மகள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள். யாழ்ப்பாணமா, பேராதனையா என்று புதன்கிழமை போன் பண்ணுவாள்.