4பிடி டீசல் ஏற்றிய பின் பிரேக் கல்லாகிவிட்டதா?

நண்பரே, 86ஆம் வருட ஃபோர்டு எஃப்-150இல் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு கம்மின்ஸ் 4பிடி டீசல் எஞ்சினை ஏற்றியதிலிருந்து பிரேக் மிதி கல்லாக இருக்கிறது என்கிறீர்கள். மிதியின் அழுத்தத்தை பிரேக் எண்ணெய்க்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றிக் காசைக் கரியாக்காதீர்கள். பெட்ரோல் எஞ்சினில் காற்றைக் கட்டுப்படுத்தும் தட்டான த்ராட்டில் மூடும்போது, காற்று உள்ளே போகும் குழாயான மேனிஃபோல்டில் வேக்கம், அதாவது வெற்றிட உறிஞ்சல், உண்டாகும். மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டருக்கு அதுதான் உயிர். இந்த டீசலில் த்ராட்டில் தட்டே கிடையாது; அதனால் பூஸ்டருக்குத் தேவையான வேக்கமும் கிடைக்காது. எஞ்சினை அணைத்து மிதியை நாலைந்து முறை அமுக்குங்கள்; பிறகு மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி துளியும் இறங்கவில்லை என்றால் பூஸ்டருக்கு வேக்கம் போகவில்லை. வேக்கம் பம்ப் மாட்டலாம். நானாக இருந்தால், வேக்கத்துக்குப் பதில் பவர் ஸ்டீயரிங் பம்பின் எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ரோபூஸ்ட் பூஸ்டரைத்தான் மாட்டுவேன். அதுவரை வண்டியை ரோட்டில் இறக்க வேண்டாம். அப்புறம், நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறுகிறது என்றும் சொன்னீர்கள்; அதற்குக் காரணம் உங்கள் வண்டியின் 4.10 ஆக்ஸில், அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற டிரைவ் ஷாஃப்ட் 4.10 சுற்று சுற்ற வேண்டிய பல்சக்கர விகிதம். 3.08 விகித ஆக்ஸில் கிடைக்கிறதா பாருங்கள்.