கர்ப்பிணி கையில் கன்றிய காயம்: செவிலியர் எப்படிக் கேட்பது?

கேள்வி: குடியாத்தம் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவரின் மேல்கை கன்றிப் போயிருக்கிறது. "கதவு இடிச்சிடுச்சு" என்கிறார். மாமியார் பக்கத்தை விட்டு நகர்வதில்லை. என்ன செய்வது?

பதில்: மாமியார் எதிரே கேட்கவே வேண்டாம். நீங்கள் கிளம்பியதும் அடி கூடும். வயிற்றைத் தொட்டுப் பார்க்கக் கதவைச் சாத்துவீர்களே, அந்த நேரம் போதும். அதுவும் வாய்க்காவிட்டால், பீடி சுற்றுபவர் என்றால் கட்டு ஒப்படைக்கத் தனியாக வரும் நாளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

"வீட்ல பிரச்சினையா?" என்றால் "இல்லை" என்றுதான் பதில் வரும். "அடிபட்டாலும் இப்படிக் கன்றும்மா. யாராவது அடிக்கிறாங்களா?" என்று நேராகக் கேளுங்கள். மறுத்தால் வற்புறுத்தாதீர்கள், அடுத்த முறை மறுபடி கேளுங்கள். "நீ என்ன பண்ணின?" என்ற கேள்வி மட்டும் வாயில் வரவே கூடாது.

ஆமாம் என்றால், கழுத்தை நெரித்தாரா, வயிற்றில் உதைத்தாரா என்று உடனே கேளுங்கள். கழுத்தில் தடம் இல்லாமலும் உள்ளே வீக்கம் வரலாம். குரல் கம்மினாலோ விழுங்க வலித்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைதான். உதைபட்டிருந்தால் நஞ்சுக்கொடி பிரிந்து ரத்தம் உள்ளேயே தேங்கலாம். வெளியே கசிவு இல்லை என்று நிம்மதி அடையாதீர்கள். வலி இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். வயிறு கல்லாக இறுகினாலோ குழந்தையின் அசைவு குறைந்தாலோ 108-ஐ அழைத்து அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். அவரது ரத்த வகை ஆர்எச் நெகட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி தேவைப்படும், அனுப்பும் சீட்டில் எழுதிவிடுங்கள்.

காயத்தின் இடம், செ.மீ. அளவு, அவர் சொன்ன வார்த்தைகள் மூன்றையும் உங்கள் பதிவேட்டில் எழுதுங்கள். நிறத்தை வைத்து எத்தனை நாள் காயம் என்று ஊகிக்காதீர்கள். தாய்-சேய் அட்டை வீட்டில் எல்லோர் கைக்கும் போகும். அதில் ஒரு வரியும் வேண்டாம்.

கணவரைக் கூப்பிட்டுப் புத்தி சொல்வது நல்லெண்ணத்தில் நடக்கும் பெரிய தவறு. சொன்னது மனைவிதான் என்று அவருக்குத் தெரிந்துவிடும். 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலரிடம் போகலாம். ஆனால் அந்த முடிவு அந்தப் பெண்ணுடையது. அவருக்கு 18 வயது ஆகவில்லை என்றால், சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி தகவல் தெரிவித்தே ஆக வேண்டும், அதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

181 என்ற பெண்கள் உதவி எண்ணைத் தாளில் எழுதித் தராமல் மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். பீஞ்சமந்தை போன்ற மலையூர்களில் போனை மட்டும் நம்ப முடியாது. இரவில் எந்த வீட்டுக்குப் போவது, யாருடைய வண்டி, ஆதாரும் ரேஷன் கார்டு நகலும் யாரிடம் இருக்கும் என்பதை முன்கூட்டியே அவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.