கோடாலி அல்ல, கோடாய்: ஹங்கேரியின் வயலின்–செல்லோ இசை பற்றிக் கேள்வி பதில்

ஹங்கேரிய இசையமைப்பாளர் கோடாயின் வயலின்–செல்லோ டூயோவை (இரண்டு வாத்தியம் மட்டும் வாசிக்கும் உருப்படி) ஒரு தோழியோடு நாலு மாதமாகப் பழகி வருகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. நான் செல்லோ, அதாவது வயலின் குடும்பத்தின் கனத்த குரல் வாத்தியம், வாசிக்கிறவள். அதனால் பதில்கள் கொஞ்சம் செல்லோ பக்கம் சாய்ந்தால் வயலின்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: அக்கா, முதலில் பெயரை எப்படிச் சொல்வது? எழுத்துக்கூட்டிப் படித்தால் எனக்குக் கோடாலி என்றுதான் வருகிறது.

எனக்கும் முதல் வருடம் முழுக்கக் கோடாலிதான்! ஹங்கேரிய எழுத்தில் கடைசியில் வரும் 'எல்–ஒய்' இரண்டும் சேர்ந்து 'ய்' என்றுதான் ஒலிக்கும். ஆகவே கோடாய். முழுப்பெயர் சோல்தான் கோடாய். அவர்கள் ஊர் வழக்கப்படி குடும்பப் பெயர்தான் முன்னால் வரும், கோடாய் சோல்தான். 1882-இல் கெச்கெமேட் ஊரில் பிறந்தார். அப்பா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர், வயலின் வாசிப்பார். அம்மா பியானோ. வீட்டில் நாலு பேராக உட்கார்ந்து வாசிக்கச் செல்லோவுக்கு ஆள் இல்லை என்று பையன் தானாகவே அதைக் கற்றுக்கொண்டான். பின்னால் அவர் செல்லோவுக்கு எழுதியதை வாசிக்கும்போது, இந்த மனிதருக்கு இந்த வாத்தியத்தின் வலி தெரியும் என்று கைக்குப் புரியும்.

கேள்வி: பியானோ இல்லை, பக்கவாத்தியம் எதுவும் இல்லை. இரண்டே இரண்டு வாத்தியம். அரை மணி நேரம் கேட்டால் வெறுமையாக இருக்காதா?

இருக்கும், சுமாராக எழுதினால். அதனால்தான் இந்தச் சேர்க்கைக்கு நல்ல உருப்படிகள் குறைவு. கோடாய் என்ன செய்தார் என்று கிட்டத்தில் பார்க்கலாம்.

தொடக்கத்தில் செல்லோ நெஞ்சை நிமிர்த்திப் பேச ஆரம்பிக்கிறது. வயலின் நடுநடுவே இரண்டு மூன்று கம்பிகளை ஒன்றாக இழுத்து வெட்டுகிறது. சற்று நேரத்தில் பேச்சு வயலினுக்குப் போகிறது, வெட்டும் வேலை செல்லோவுக்கு வருகிறது. பாடுகிறவர், தாங்குகிறவர் என்று யாருக்கும் நிரந்தர வேலை கிடையாது. விரலால் கம்பியைச் சுண்டும் பிஸிகாட்டோ வரும் இடத்தில் செல்லோ ஒரு தாள வாத்தியமே ஆகிவிடும். இன்னோர் இடத்தில் செல்லோ மேல் ஸ்தாயிக்கு ஏறிப் பாடும். கண்ணை மூடிக் கேட்டால் எது வயலின், எது செல்லோ என்று சட்டென்று பிடிபடாது. அங்கே இடது கைக் கட்டைவிரலைக் கம்பியின் மேலேயே பதித்துத்தான் வாசிக்க வேண்டும். என் விரல் ஓரத்தில் இப்போது ஒரு காய்ப்பு இருக்கிறது, கோடாய் கொடுத்த பரிசு.

உங்களுக்கு வெறுமை தோன்றினால் பெரும்பாலும் வாசிக்கிறவர்கள் மேல்தான் சந்தேகப்பட வேண்டும். நாங்கள் வாசித்த முதல் மாதம் அப்படித்தான் இருந்தது. தோழியின் வெட்டு ஒரு மயிரிழை பிந்தினாலும் என் வாக்கியம் அந்தரத்தில் தொங்கும்.

கேள்வி: இதைப் போர்க்காலத்தில் எழுதினார் என்கிறார்களே?

ஆமாம், 1914. கோடைக்கு சுவிட்சர்லாந்து போயிருந்தவர், முதல் உலகப் போர் மூண்டதும் ஊர் திரும்பும் வழியில் எல்லைப் பக்கம் மாட்டிக்கொண்டார். அங்கேதான் இந்த யோசனை வந்தது. இசைத்தாள் கிடைக்காமல் பள்ளிக்கூட நோட்டில் எழுதத் தொடங்கினார். மேடை ஏற 1918 மே ஆயிற்று. புடாபெஸ்டில் இம்ரே வால்ட்பவுர் வயலினும் யெனோ கெர்பெய் செல்லோவும் வாசித்தார்கள். இன்னொரு ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக்கின் முதல் குவார்ட்டெட்டை (நாலு தந்தி வாத்தியத்துக்கான உருப்படி) 1910-இல் அரங்கேற்றிய குழுவைச் சேர்ந்தவர்கள்தான் இருவரும்.

கேள்வி: ஹங்கேரி இசை என்றால் எனக்கு பிராம்ஸின் ஹங்கேரிய நடனங்கள்தான். கோடாயில் அந்த அழுகையும் ஆட்டமும் அதிகம் கேட்கவில்லையே? ராகம் ஏதாவது சொன்னால் எனக்குப் புரியும்.

எனக்குப் பிடித்த கேள்வி. ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸ் கேட்டது பெரும்பாலும் நகரத்துக் காபிக் கடைகளில் ரோமா குழுக்கள் (ஜிப்ஸிகள் என்று அழைக்கப்பட்டவர்கள்) வாசித்த இசை. அதில் அடிக்கடி வரும் ஸ்வர வரிசைக்கு மேல்நாட்டார் வைத்த பெயரே 'ஹங்கேரிய மைனர்'. ஸ்வரங்களை எழுதிப் பார்த்தால் நம் சிம்மேந்திரமத்யமம், அச்சு அசல். பிரதி மத்யமமும் காகலி நிஷாதமும் சேர்ந்து தரும் அந்த ஏக்கம்தான் நீங்கள் சொல்லும் அழுகை.

1905 வாக்கில் கோடாயும், அடுத்து பார்டோக்கும், மெழுகு உருளையில் பதியும் போனோகிராப்பைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். அங்கே வயதான விவசாயிகள் பாடிய பழைய பாட்டுகளில் சிம்மேந்திரமத்யமத்தைக் காணோம். ஐந்தே ஸ்வரம். ச, க, ம, ப, நி, அதாவது நம் சுத்த தன்யாசியின் ஸ்வரங்கள். கமகம் நம்முடையது இல்லை, அதனால் ராகம் என்று சொல்ல மாட்டேன், ஸ்வரக் கணக்கு மட்டும்தான் ஒன்று. பாட்டு மேலிருந்து தொடங்கிக் கீழே இறங்கும். பல பாட்டுகளில் முதல் பாதியை அப்படியே ஒரு பஞ்சம இடைவெளி தள்ளிக் கீழே வைத்தால் இரண்டாம் பாதி. மயில் பறந்து போனது என்று தொடங்கும் பழைய பாட்டு ஒன்று இந்த வகைக்கு நல்ல உதாரணம். கோடாய் பின்னாளில் அதை வைத்து ஆர்க்கெஸ்ட்ராவுக்கே எழுதினார்.

அதற்காக நகரத்து இசை போலி, கிராமத்து இசைதான் அசல் என்று கோடு போட்டுவிடாதீர்கள். கோடாயே சிறுவயதில் கலாந்தா ஊரில் கேட்ட ரோமா குழுவை மறக்காமல் 1933-இல் 'கலாந்தா நடனங்கள்' எழுதினார். டூயோவின் மூன்றாம் பகுதியும் மெதுவாகத் தொடங்கிக் கடைசியில் தலைதெறிக்க ஓடும். அந்த மெது–விரைவு ஜோடி பழைய நடனக்காரர்களின் சொத்துதான்.

கேள்வி: அதே மூன்றாம் பகுதி. ஆரம்பத்தில் வயலின் மட்டும் தாளமே இல்லாமல் போகிறது. மனோதர்மமா?

இல்லை, ஒவ்வொரு ஸ்வரமும் எழுதி வைத்ததுதான். ஆனால் விருத்தம் பாடுவதைப் போல வாசிக்க வேண்டும். விருத்தத்தில் தாளம் இல்லை என்பதற்காகச் சொல்லை இஷ்டத்துக்கு இழுக்க முடியுமா? சொல்லின் எடைதான் நேரத்தைத் தீர்மானிக்கும். கோடாய் பதிவு செய்த பழைய பாட்டுகளில் ஒரு பெரும்பகுதி இப்படிப் பேச்சின் போக்கில் பாடுபவை. ஹங்கேரிய மொழியில் எந்தச் சொல்லானாலும் அழுத்தம் முதல் அசையில் விழும். அதனால் இசை வாக்கியமும் எடுத்த எடுப்பில் பலமாக விழுந்து பிறகு தளரும். குட்டையான ஸ்வரம் முன்னால், நீளமானது பின்னால். இதைத் தலைகீழாக, பின்பாதியில் அழுத்தி வாசித்தால் ஸ்வரம் எல்லாம் சரியாக இருந்தும் அந்நிய உச்சரிப்பாகக் கேட்கும். தோழிக்கு இது பிடிபட மூன்று வாரம் ஆனது. கடைசியில் வயலினைக் கீழே வைத்துவிட்டு வாயால் 'தா–தாஆ' என்று சொல்லிப் பார்த்த அன்றுதான் வந்தது.

கேள்வி: மேடம், நான் பத்து வருடம் கர்நாடக வயலின் கற்றவன். இதை முயற்சி செய்யலாமா?

டூயோவில் கை வைக்காதீர்கள், இப்போதைக்கு. நம் வயலினில் ச–ப–ச–ப என்று சேர்ப்போம். அங்கே ஜி, டி, ஏ, இ, நாலு கம்பிக்கும் நடுவே பஞ்சம இடைவெளிதான். மேலே சொன்ன மயில் பாட்டை அந்தச் சுருதியில் வாசித்தால் ஒரு வேடிக்கை: இரண்டாம் பாதிக்கு விரல் எதையும் மாற்ற வேண்டாம், அதே விரலோடு பக்கத்துக் கீழ்க் கம்பிக்குப் போனால் போதும். உங்கள் ச–ப–ச–ப-வில் நடுவில் இது உதைக்கும். பிடிக்கும் முறையும் வேறு, தரையில் உட்கார்ந்து நெஞ்சில் சாய்த்து வாசித்த கைக்கு மேல்கம்பித் தாவல்கள் கஷ்டம்.

பார்டோக் 1931-இல் எழுதிய 44 டூயட்டுகள் இருக்கின்றன, இரண்டு வயலினுக்கு. மாணவர்களுக்காகவே எளிதிலிருந்து கடினம் நோக்கி அடுக்கியவை. ஹங்கேரியோடு நிற்காமல் ருமேனிய, ஸ்லோவாக் பாட்டுகள், ஓர் அரபுப் பாட்டு வரைக்கும் போகிறார். ஒரு துணையைப் பிடித்துக்கொண்டு முதல் ஐந்தைத் தொடங்குங்கள்.

கேள்வி: தனிச் செல்லோ ஸொனாட்டாவில் கம்பிச் சுருதியையே மாற்றுகிறார்களாமே? எதற்கு?

கோடாய் 1915-இல் செல்லோ ஒன்றுக்கு மட்டும் எழுதிய உருப்படி அது. கீழ்க் கம்பிகள் இரண்டையும் அரை ஸ்வரம் இறக்க வேண்டும். சி கம்பி பி ஆகிறது, ஜி கம்பி எஃப் ஷார்ப் ஆகிறது. இப்போது பி மைனர் கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டம்) விரல் வைக்காமலேயே கம்பிகளில் கிடக்கிறது, செல்லோவின் உடம்பே முழங்குகிறது. அதற்கு விலை, பழகிய இடத்தில் விரல் வைத்தால் அரை ஸ்வரம் கீழே கேட்கும், மூளை குழம்பும்.

ஒருமுறை ஆர்வக்கோளாறில் இறக்கி வாசித்துவிட்டு, மறுபடி ஏற்றி, உடனே டூயோ ஒத்திகைக்கு உட்கார்ந்தேன். கம்பி பழைய இடத்தில் நிற்காமல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருந்தது. நடுவில் 'டொக்' என்று பிரடை (கம்பியை முறுக்கிப் பிடிக்கும் ஆணி) நழுவியது. தோழி ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்க் காபி போட்டாள்.

கேள்வி: கோடாயை விட்டால் வேறு யார்?

நேராக இதே சேர்க்கைக்கு என்றால் மாத்யாஷ் ஷைபர், கோடாயின் மாணவர், 1925-இல் எழுதினார். வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவையும் சேர்த்துக்கொள்ளச் சம்மதமா? அப்படியானால் இன்னொரு ஹங்கேரியர் டோனானியின் 1902 செரனேட், மூன்று தந்தி வாத்தியத்துக்கு. இனிமையானது, சிரிப்பும் உண்டு, புதிதாகக் கேட்பவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இதுதான். தனிச் செல்லோவில் லிகெட்டியின் இளமைக்கால ஸொனாட்டா. இதன் முதல் பகுதி 1948, இரண்டாவது 1953. சுண்டிவிட்டு விரலை வழுக்கவிடும் தொடக்கத்தைக் கேட்டால் விடமாட்டீர்கள்.

கேள்வி: ஒரே ஒரு பதிவு சொல்லுங்கள். நேரமில்லை.

செல்லோ கலைஞர் யானோஷ் ஸ்டார்க்கர் வாசித்த கோடாயின் தனி ஸொனாட்டா. 1948-இல் பாரிஸில் விருது வாங்கியது இவருடைய பதிவு. அப்புறமும் சில முறை பதிவு செய்தார், எது கிடைத்தாலும் சரி. முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் வாசிப்பார் என்பார்கள். வில் மட்டும் எரியும்.

கேள்வி: சரி, உங்கள் கச்சேரி எப்போது?

கடைசி வேகப்பகுதியை எழுதிய வேகத்தில் முக்கால்தான் எட்டியிருக்கிறோம். தோழி டிசம்பர் என்கிறாள். நான் எந்த டிசம்பர் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.