டூப்ளெக்ஸ் கட்டக் கவுன்சில் கேட்கும் பங்களிப்புத் தொகை: எதைச் சரிபார்க்க வேண்டும்?

கேள்வி: மேற்கு சிட்னியில் பழைய வீட்டை இடித்துவிட்டு டூப்ளெக்ஸ் (ஒரே மனையில் இரண்டு வீடுகள்) கட்ட அனுமதி வந்திருக்கிறது. நிபந்தனைகளில் ‘பிரிவு 7.11 பங்களிப்பு’ என்று பெரிய தொகை போட்டிருக்கிறார்கள். குறைக்க வழி உண்டா? பணம் எங்கள் தெருவுக்குச் செலவாகுமா?

பதில்: உங்கள் பகுதிக்கான பங்களிப்புத் திட்டம் கவுன்சில் இணையதளத்தில் இருக்கும். முதலில் அதைப் படியுங்கள். நியூ சவுத் வேல்ஸின் 1979ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டப்படி, அந்தத் திட்டத்தில் இடமில்லாத பங்களிப்பைக் கவுன்சில் விதிக்க முடியாது.

2018 வரை பிரிவு 94 என்று இருந்ததுதான் இன்றைய 7.11. புதிதாகக் குடிவருபவர்களால் பூங்கா, சாலை, நூலகம் போன்றவற்றின் தேவை எவ்வளவு கூடுகிறதோ அதற்குத்தான் கட்டணம். ஏற்கெனவே ஒரு வீடு இருந்த மனை என்பதால், பெரும்பாலான திட்டங்களில் அதற்குக் கழிவு உண்டு. இரண்டு வீட்டுக்கான தொகையில் பழைய வீட்டுக்கானதைக் கழிக்க வேண்டும். தவறு அதிகம் நடப்பது இங்கேதான். தொகை பெரும்பாலும் படுக்கையறை எண்ணிக்கையைப் பொறுத்தது என்பதால், இடிப்பதற்கு முன்பே பழைய வீட்டின் படுக்கையறை எண்ணிக்கைக்கு ஆதாரம் எடுத்து வையுங்கள். புது வரைபடத்தில் கதவுள்ள படிப்பறையைச் சில கவுன்சில்கள் படுக்கையறையாகவே கணக்கிடும்.

பொதுவான உச்சவரம்பு ஒரு குடியிருப்புக்கு 20,000 டாலர். புதிதாக உருவாகும் புறநகர்ப் பகுதிகளில் 30,000. இதைத் தாண்டும் திட்டத்தை ஐபார்ட் என்ற விலை ஒழுங்குமுறை அமைப்பு ஆராய வேண்டும்.

சில இடங்களில் 7.11க்குப் பதிலாகப் பிரிவு 7.12 வரும். அது கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காடு: வழக்கமாக 1,00,000 டாலர் வரையான செலவுக்குக் கட்டணம் இல்லை, 2,00,000 வரை 0.5%, அதற்கு மேல் 1%. ஒரே அனுமதியில் இரண்டையும் விதிக்கக் கூடாது. 7.11 தொகை உங்கள் விஷயத்தில் நியாயமற்றது என்றால் நிலம், சுற்றுச்சூழல் நீதிமன்றம் அதை மாற்றலாம். திட்டப்படி சரியாகக் கணக்கிட்ட 7.12க்கு அந்த வழி இல்லை.

அனுமதிக் கடிதத்தில் உள்ள தொகையை அப்படியே கட்டிவிடாதீர்கள். விலைக்குறியீட்டுப்படி அது ஏறிக்கொண்டே இருக்கும். கட்டும் நாளுக்கான தொகையைக் கவுன்சிலிடம் எழுத்தில் கேளுங்கள். பொதுவாக, வேலையைத் தொடங்கத் தேவையான கட்டுமானச் சான்றிதழுக்கு முன்பே செலுத்த வேண்டும். மாநில அரசின் வீட்டுவசதி, உற்பத்தித்திறன் பங்களிப்பு தனி. 2023 அக்டோபரில் தொடங்கியபோது பெருநகர சிட்னியில் அடிப்படைத் தொகை தனி வீட்டுக்கு 12,000 டாலர், மற்ற குடியிருப்புகளுக்கு 10,000. அதைத் திட்டமிடல் இணையவாசல் வழியே கட்ட வேண்டும். குடிநீர், கழிவுநீர் இணைப்புக்கான கட்டணங்கள் இவை எதிலும் சேராது.

உங்கள் தெருவுக்கே செலவாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எந்த நோக்கத்துக்கு வாங்கினார்களோ அதற்காகவே வைத்திருந்து, ‘நியாயமான காலத்துக்குள்’ செலவிட வேண்டும் என்கிறது சட்டம்; எத்தனை ஆண்டு என்று சொல்லவில்லை. பணம் பல ஆண்டுகள் தேங்குவதற்கு ஒரு முக்கியக் காரணம் நிலம். பூங்காவுக்கான மனையின் விலை குறியீட்டைவிட வேகமாக ஏறிவிட்டால், சேர்ந்த பணம் வாங்கப் போதாது. திட்டமோ அமைச்சரின் உத்தரவோ அனுமதித்தால், பல நோக்கங்களுக்காக வாங்கிய பணத்தை ஒன்றுசேர்த்து முன்னுரிமைப்படி செலவிடலாம்.

திட்டத்தின் பணிப் பட்டியலில் ஒவ்வொரு வேலையும் இடம், மதிப்பீடு, காலவரிசையுடன் இருக்கும். பங்களிப்புப் பதிவேடும் பொதுமக்கள் பார்வைக்கு உரியது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிந்திப்போன பணியின் பெயரைக் குறிப்பிட்டுக் கவுன்சிலுக்கு எழுதுங்கள்.