வாசகர் கேள்வி – பதில்: கடலுக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி: பிலிப்பைன்ஸில் பக்கத்துப் பக்கத்து நகராட்சிகள் ஒன்றுசேர்ந்து கடலைப் பாதுகாப்பதாகப் படித்தேன். அவரவர் எல்லையை அவரவர் பார்த்துக்கொண்டால் போதாதா? கடலே இல்லாத நமக்கு இதில் ஏதாவது வேலை உண்டா?
– வாசகர், காவேரிப்பட்டணம் (கிருஷ்ணகிரி மாவட்டம்)

பதில்: போதாது. அங்கே 1991-ல் வந்த உள்ளாட்சிச் சட்டப்படி, கரையிலிருந்து 15 கிலோமீட்டர் வரையுள்ள கடல் அந்தந்த நகராட்சியின் பொறுப்பு. ஓர் ஊர் தன் பவளப்பாறையின் ஒரு பகுதியில் மீன்பிடிக்கத் தடை போடுகிறது என்று வையுங்கள். உள்ளே மீன் பெரிதாக வளரும். பெருத்த தாய்மீன், சின்ன மீனைவிடப் பல மடங்கு முட்டையிடும். ஆனால் முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகள் நீரோட்டத்தில் நாள்கணக்கில் மிதந்து, அடுத்த ஊரின் கடலில் போய்த் தங்கக்கூடும். அங்கே வெடி வைத்து மீன்பிடித்தால் முதல் ஊர் காத்ததெல்லாம் வீண். ஓர் ஊரில் அபராதம் குறைவென்றால் திருட்டு வலை அங்கேதான் விழும். அதனால்தான் ஒரே விதி, ஒரே அபராதம், ரோந்துப் படகின் டீசலில் பங்கு என்று சேர்ந்து ஒப்பந்தம் போட வேண்டியிருக்கிறது.

நம் ஊராட்சிகளுக்குக் கடல்மீது அப்படி அதிகாரம் கிடையாது. 1986-ல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளையும் வனத்துறைதான் பார்க்கிறது. கடற்கரை ஒழுங்குமுறை விதியும் ஆற்றுக்குள் ஏறி வருவது கொஞ்ச தூரம்தான்: கோடையில் ஒரு கிலோ தண்ணீரில் 5 கிராம் உப்பு இருக்கும் இடம்வரை. அதற்கு மேலே ஆற்றில் என்ன விழுந்தாலும் அந்த விதி கேட்காது. கேட்க வேண்டியவர்கள் ஆற்றங்கரை ஊர்க்காரர்களாகிய நாம்.

தென்பெண்ணை கிருஷ்ணகிரி அணை, காவேரிப்பட்டணம், இருமத்தூர், சாத்தனூர் அணை வழியாகப் போய்க் கடலூர் அருகே கடலில் கலக்கிறது. அணையிலேயே குப்பை தங்கிவிடாதா என்றால், சாதாரண நாளில் பெரும்பாலும் தங்கும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டி, சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தார்களே, அந்த மாதிரி வெள்ளத்தில் எது தங்கும்?

கேள்வி: எங்கள் ஓடை நெடுக தக்காளித் தோட்டத்து மல்ச்சிங் ஷீட்தான் (செடியைச் சுற்றி மண்ணை மூடும் பிளாஸ்டிக் தாள்) கிடக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், காரிமங்கலம்

பதில்: கிழிந்த பிறகு அள்ளுவது கஷ்டம், கிழியாமல் எடுப்பதுதான் வழி. 25 மைக்ரானுக்குக் கீழே மெலிந்த ஷீட் ஒரு போகத்திலேயே வெயிலில் நொறுங்கி, விரல் அகலத் துண்டுகளாக மண்ணோடு கலந்துவிடும். வாங்கும்போதே 30 மைக்ரான் கேளுங்கள். கடைசிப் பறிப்பு முடிந்ததும் செடியை அடியோடு வெட்டி, சொட்டுநீர்க் குழாயை முதலில் உருவிவிடுங்கள். மண் லேசாக ஈரமாக இருக்கும்போது பாரின் இரு ஓரத்தையும் தளர்த்தி, ஒரு முனையிலிருந்து கம்பில் சுருட்டுங்கள். காய்ந்து இறுகிய மண்ணில் இழுத்தால் ஓரம் அறுந்து உள்ளேயே நின்றுவிடும். பழைய பிளாஸ்டிக் எடுப்பவர்கள் இதை வேண்டாம் என்பது மண் எடையால்தான். இரண்டு நாள் காயவைத்து உதறிக் கொடுத்தால் எடுக்க வாய்ப்பு அதிகம். வரப்பில் போட்டுக் கொளுத்தாதீர்கள்.

கேள்வி: ஐந்தாறு ஊராட்சிகள் சேர்ந்து ஓர் ஓடையைச் சுத்தமாக வைக்க என்ன முறை?
– வாசகர், ஊத்தங்கரை

பதில்: முதலில் நடங்கள். கோடையில் ஓடை வறண்டிருக்கும்போது தலைப்பிலிருந்து ஆறுவரை நடந்து, குப்பை கொட்டும் இடம் ஒவ்வொன்றையும் புல எண்ணோடும் படத்தோடும் குறியுங்கள். பிறகு எல்லா ஊராட்சியிலும் ஒரே வாசகத்தில், ஒரே நாளில் கிராம சபைத் தீர்மானம். ஆகஸ்ட் 15 நல்ல நாள். வடகிழக்குப் பருவமழைக்கு இரண்டு மாதம் கையில் இருக்கும். குறைவெண் வரம்பை, அதாவது கூட்டத்துக்குக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பதைப் பாருங்கள்: மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை என்றால் 100 பேர், 10,000 வரை என்றால் 200 பேர். பின்பு வட்டார வளர்ச்சி அலுவலரிடம் எல்லாத் தீர்மானங்களையும் சேர்த்துக் கொடுங்கள். தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் முறை இதுதான்.

இது பெரும்பாலும் சறுக்குவது பணத்தில். வண்டி யாருடையது, டீசல் யார், எந்தக் கிழமை எந்த ஊர் என்று எழுதாத தீர்மானம் தாளோடு நின்றுவிடும். செலவைச் சரிசமமாகவோ வீட்டுக் கணக்கிலோ பிரிப்பதும் சரியில்லை என்பேன். ஓடையின் மேல்பக்க ஊர்களின் குப்பை எல்லாம் கடைசி ஊரில்தான் ஒதுங்குகிறது; அள்ளும் கூலியும் அந்த ஊர் தலையில் விழுந்தால் அடுத்த வருஷம் அவர்கள் வரமாட்டார்கள். நடந்து எடுத்த கணக்கில் எந்த ஊரில் எத்தனை கொட்டுமிடமோ, அந்த அளவில் பங்கு வையுங்கள். அள்ளுவதை வாரா வாரம் 50 கிலோ உரச்சாக்குக் கணக்கில் ஒரே நோட்டில் எழுதுங்கள்.

ஓடை ஆற்றில் சேருமிடத்துக்குச் சற்று முன்னால் மிதவைத் தடுப்பு (மிதவையில் தொங்கும் வலை) கட்டலாம். நீர்வளத்துறை அனுமதி வேண்டும். குறுக்கே நேராகக் கட்டாதீர்கள், நடுவில் பை போல வளைந்து அறுந்துவிடும். சாய்வாகக் கட்டினால் குப்பை ஒரு கரைக்கு ஒதுங்கும், அங்கே நின்று அள்ளலாம். வலை அடிமண்ணைத் தொடக்கூடாது, மீன் போக வழி வேண்டும். ஆகாயத்தாமரை சேர்ந்தால் அன்றைக்கே எடுங்கள். பெருமழை எச்சரிக்கை வந்தால் ஒரு பக்கக் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும். அவிழ்க்கும் ஆளின் பெயரும் தீர்மானத்தில் இருக்கட்டும்.